காதுகுத்துச் சீரில் ஒரு ஹெல்மெட்டும் வையுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கைக்குழந்தையோ நடைபழகும் குழந்தையோ இருக்கிற வீட்டுக்காரர்கள் பொறுமையாக முழுசும் படியுங்கள். மற்றவர்கள் அப்படிப்பட்ட வீடுகளுக்கு அனுப்பிவையுங்கள்.

விஷயம் இதுதான். நம் போடிமெட்டு மலைப்பாதையில் பைக்கில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது சர்வசாதாரணமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்தல் செக்போஸ்ட் பக்கம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். ஸ்கூட்டியில் முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டு வரும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த அம்மாவின் மடியில், துண்டால் போர்த்திய பச்சைக் குழந்தை. சிலர் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் லீவுக்கு மூணாறு பார்க்கப் போகிறார்கள். ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். குழந்தை தலையில் பெரும்பாலும் குல்லா மட்டும்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வயது நிறையாத குழந்தையை மலைப்பாதையில் இருசக்கர வண்டியில் ஏற்றவே கூடாது. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் இருந்தாலும் கூடாது. சிலமலையிலிருந்து போடிக்கோ தேவாரத்துக்கோ சமதரையில் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாமல் ஏற்றக் கூடாது.

இதை வெறும் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை. வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். அதாவது நொடிக்கு 11 மீட்டர். எதிலோ மோதி வண்டி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? சுமார் 125 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை. இரண்டரை மூட்டை சிமெண்ட். எந்த அம்மாவின் கை அதைத் தாங்கும்? அதுவும் கண்மூடித் திறப்பதற்குள்? "நான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன்" என்பது மனசுக்கு ஆறுதல். இயற்பியலுக்கு அது தெரியாது. 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட சுமார் 31 கிலோ.

இதையே வேறு மாதிரியும் சொல்லலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, இருபது அடி உயரத்திலிருந்து கீழே விழுந்து தரையில் மோதுவதற்குச் சமம். ஒரு மாடி வீட்டு மொட்டைமாடியின் உயரம் அது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நம் பிள்ளையை உட்காரவைப்போமா?

அடுத்து, குழந்தையின் உடம்பு. பிறக்கும்போது குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அதனால் குழந்தை எப்படி விழுந்தாலும் தலைதான் முந்திக்கொள்ளும். கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வந்திருக்காது. போதாக்குறைக்கு, குளிர்ந்த காற்றும் வண்டியின் ஆட்டமும் சேர்ந்தால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும். தூங்கிய பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளாது. தலை இப்படியும் அப்படியும் தொங்கும்.

டேங்க் மேல் உட்காரவைப்பதில் இன்னொரு ஆபத்து. சடன் பிரேக் போட்டால் முன்னால் ஹேண்டில்பார், பின்னால் அப்பாவின் அறுபது எழுபது கிலோ உடம்பு. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை. ஸ்கூட்டியில் நிற்கவைத்தால் தாடை போய் மோதுகிற இடம் மீட்டர். பிள்ளை விளையாட்டாக ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் போச்சு.

இதெல்லாம் சமதரைக்கே பொருந்தும். பிறகு ஏன் மலைப்பாதையைத் தனியாகச் சொல்கிறேன்?

போடியிலிருந்து மெட்டு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து அதிகம். எதிரே லாரியோ தோட்டத்து ஜீப்போ வந்தால் உள்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். கியர் மாற்றுவதற்குள் வண்டி ஆஃப் ஆகிவிடும். பின்னால் உருளப் பார்க்கும். அப்போது ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கையும் பிடித்து, டேங்க் மேல் இருக்கும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஒரு கை கம்பியில், ஒரு கை குழந்தையில். வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியாது. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே மடியில் இருக்கும் குழந்தை மூன்றடி உயரத்திலிருந்து தார்ரோட்டில் விழும். வேகமே தேவையில்லை.

இறங்கும்போது கதை வேறு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில், சிலபேர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டியும் ஆட்களும் சேர்த்து 200 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஆறு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்று கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. பெரியவர்கள் மட்டும் போனாலும் சரி, சின்ன கியரில் இன்ஜின் பிடிப்போடுதான் இறங்க வேண்டும்.

இதோடு மழைக்காலத்தில் பாறை சரிவது, திடீரென்று கவியும் மூடுபனி, ஈர ரோடு. இதில் எதுவுமே உங்கள் கையில் இல்லை. "நான் மெதுவாத்தான் போவேன் சார்" என்கிறீர்கள். நீங்கள் மெதுவாகப் போவீர்கள், சரி. மேலிருந்து வருகிறவன் மெதுவாக வருவான் என்பதற்கு யார் பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி விதி 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி அரசிதழில் வந்தது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2023 பிப்ரவரியிலிருந்து அமல். அதன் சாரம் மூன்றே வரி:

1. குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். குழந்தைக்குச் சட்டைபோல மாட்டும் ஒரு உடுப்பு, அதிலிருந்து வரும் வார்களை ஓட்டுகிறவர் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்க வேண்டும்.

2. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். தரமான சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாம்.

3. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஒன்பது மாதத்துக்குக் கீழே ஹெல்மெட்டைப் பற்றி விதி பேசவில்லை. அந்தக் கழுத்து ஹெல்மெட்டின் எடையைத் தாங்காது. அப்படியானால் அந்த வயதுப் பிள்ளைக்குப் பைக்கில் என்ன வேலை என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர்தான் என்பது சட்டத்தின் 128-ஆம் பிரிவு. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அப்பா, அம்மா, குழந்தை என்றாலே மூன்று பேர். 2023 ஜூனில் கேரளாவில் ரோடெல்லாம் கேமரா வைத்தபோது இதே பிரச்சினை வந்தது. மூன்றாவது ஆள் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அந்த மாநில அரசு அறிவித்தது. கார் வாங்க முடியாத குடும்பம் எங்கே போகும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் விலக்கு கொடுத்தது அபராதத்துக்கு மட்டும். ரோட்டில் விழுந்தால் அடிபடுவதற்கு எந்த அரசாலும் விலக்கு கொடுக்க முடியாது.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும்.

"நாங்கெல்லாம் அப்படித்தானே சார் வளர்ந்தோம்?" உண்மைதான். டி.வி.எஸ். 50 முன்னால் நின்றுகொண்டு போடிச் சந்தைக்குப் போன பிள்ளைகள் இன்று அப்பா ஆகிவிட்டார்கள். ஆனால் அந்த வண்டியின் வேகம் என்ன, இன்றைய 150 சி.சி. வண்டியின் வேகம் என்ன? அன்று ரோட்டில் எத்தனை வண்டி, இன்று எத்தனை? இன்னொன்று, நல்லபடியாக வளர்ந்தவர்கள்தான் இன்று நம்மிடம் வந்து கதை சொல்கிறார்கள். விழுந்த பிள்ளைகள் வந்து சொல்லப்போவதில்லை.

"மலைக்கு பஸ் நேரத்துக்கு இல்லை சார்." இதுவும் உண்மை. அதற்காக ஆள் பிதுங்கும் ஜீப்பில் ஏறுங்கள் என்று சொல்லமாட்டேன், அதுவும் ஆபத்துதான். பஸ்சுக்குக் காத்திருங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு கார் பேசுங்கள். முடியாவிட்டால் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள். இழவு, வைத்தியம் போன்ற அவசரத்துக்குக்கூட ஒரு ஆட்டோ கிடைக்கும். மூணாறு எங்கேயும் ஓடிவிடாது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனபிறகும் அங்கேயேதான் இருக்கும். இரண்டு வயதில் பார்த்தது அதற்கு ஞாபகமும் இருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் சிலருக்கு வேறு ஆசை. அங்கே சைக்கிளில் குழந்தை சீட் மாட்டி ஓட்டிப் பழகிவிட்டீர்கள். ஊருக்கு வரும்போது அதே சீட்டை கியர் சைக்கிளில் மாட்டி, குரங்கணிப் பக்கமோ மெட்டுப் பாதையிலோ பிள்ளையோடு ஏற ஆசைப்படுகிறீர்கள். சைக்கிளுக்கு நான் மேலே சொன்ன விதி பொருந்தாது, போலீஸ் பிடிக்காது. ஆனாலும் வேண்டாம். நெதர்லாந்து மாதிரி மேடுபள்ளமில்லாத நாட்டில், சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்ட ஊரில் பழகிய பழக்கம் அது. சீட்டில் பிள்ளை உட்கார்ந்ததும் சைக்கிளின் கனம் மேலே ஏறிவிடும். ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது முன்சக்கரம் அலையும். இறக்கத்தில் பிரேக் சூடாகும். கல்லும் குழியுமான காட்டுப்பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் நேராக அந்தச் சின்னக் கழுத்துக்குப் போகும். சீட் பெல்ட் பிள்ளையைச் சீட்டோடுதான் கட்டும். சைக்கிள் விழுந்தால் பிள்ளையும் அதோடு சேர்ந்துதான் விழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே ஒரு வயதுக்குள் சைக்கிள் சீட்டில் குழந்தையை வைக்காதீர்கள் என்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளையோடு ஊருக்குள், வண்டி வராத தெருவில், ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கள். மலை ஏற ஆசையா, நீங்கள் மட்டும் ஏறுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. அபராதம் போட்டு மட்டும் இதை மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. நம் வீட்டுப் பழக்கத்துக்குள் இது வர வேண்டும். நம் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் எப்படி வருகிறது? மேளதாளம், தட்டு தட்டாகப் பழம், பட்டுச் சட்டை, வெள்ளிக் கொலுசு, சிலசமயம் ஆட்டுக்கிடாய் வரைக்கும். அந்தத் தட்டுகளில் ஒன்றில் ஒரு குழந்தை ஹெல்மெட்டும் ஒரு பாதுகாப்பு பெல்ட்டும் வையுங்கள். அந்தச் சீரில் செலவாகும் மற்றதைப் பார்த்தால் இது பெரிய காசே இல்லை. மாமன் வாங்கிக் கொடுத்தது என்றால் மாப்பிள்ளையும் மறுக்கமாட்டார். மண்டபத்தில் நாலு பேர் பார்ப்பார்கள், அடுத்த காதுகுத்தில் அவர்களும் வைப்பார்கள். போடியில் ஹெல்மெட் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர்களே, சின்ன சைஸ் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக நாலு வாங்கி முன்னால் மாட்டிவையுங்கள். கண்ணில் பட்டால்தான் கேட்பார்கள்.

வாங்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப்பாருங்கள். நெற்றி மறைய வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் நழுவக் கூடாது, தாடை வாரில் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். வளரட்டும் என்று பெரிய சைஸ் வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, ஹெல்மெட்டுக்குச் சரிவராது.

மாமன்மார்களே, அடுத்த மாதம் முகூர்த்தங்கள் நிறைய இருக்கின்றன. யார் முதலில் வைக்கிறீர்கள் என்று பார்ப்போம். வைத்தவர்கள் சீர்த்தட்டைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், சிலமலை