நிலக்கடலைக் காய்க்கும் உணவு வேண்டும்

திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய ஜில்லாக்களில் மானாவாரியிலோ இறவையிலோ நிலக்கடலை சாகுபடி செய்யாத கிராமம் அரிது. இப்பயிரின் பொருட்டுக் குடியானவர்கள் விதைக்கும் உரத்திற்கும் தாராளமாகவே செலவு செய்கின்றனர். ஆயினும், கொடி செழித்திருக்கக் காய் பொக்காயிருத்தலை அறுவடையின்போது பல நிலங்களில் காண்கிறோம். இதன் பொருட்டு மழையையும் விதையையும் நிந்திப்பதோடு நின்றுவிடுதல் முறையன்று. வேருக்கு உணவளிக்கும் நாம் காய்க்கு உணவளிப்பதில்லை என்பதே இக்குறைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

நிலக்கடலை விதைத்த 25 முதல் 30 நாட்களில் பூக்கத் தொடங்குகிறது. பூ கருவுற்றபின் விழுது இறங்கி மண்ணிற் புகுந்து, மேல்மண்ணில் ஏறக்குறைய 2 அங்குல ஆழத்தில் காயாகிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து நீருடன் மேலேறி, நீராவியை வெளிவிடும் இலைகளையே சென்றடைகிறது. அங்குச் சேர்ந்த சத்து மீண்டும் கீழிறங்கிக் காய்க்கு வருவது மிகச் சொற்பம். மண்ணுள் மறைந்திருக்கும் காயோ நீராவியை வெளிவிட இயலாதது. ஆதலின் அந்நீரோட்டம் அதனை நாடுவதில்லை. ஆகவே விழுதும் காயும் தம்மைச் சூழ்ந்த மண்ணிலிருந்தே தமக்கு வேண்டிய சுண்ணாம்பை நேரே உறிஞ்சிக்கொள்ள வேண்டியுள்ளது. இங்ஙனம் உறிஞ்சுவதை 1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநில ஆராய்ச்சியாளர்கள் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு சோதித்து அறிவித்தனர்.

மேல்மண்ணில் இச்சத்துக் குறையுமாயின் பருப்புத் திரளாது பொக்குக் காய்கள் மிகும். திரண்ட பருப்பிலும் முளைக்குருத்து உள்ளே கருத்துப்போகும். அத்தகைய பருப்பை விதையாக வைத்தால் முளைப்பு குன்றும். எனவே நஷ்டம் ஒரு போகத்தோடு முடிவதன்று.

கொடி வெளுத்துத் தோன்றினால் யூரியா வீசுவோர் பலர். நிலக்கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பகுதியை வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலிருந்தே பெறவல்லது. விதைப்பின்போது சிறிதளவு தழைச்சத்து இடுதல் தகும். மிகையாக இட்டால் முடிச்சுகள் குறைந்து, கொடி மட்டும் ஓங்கும். பூக்கும் பருவத்தில் சில செடிகளைப் பெயர்த்து முடிச்சுகளைப் பிளந்து பார்க்கலாம். உட்புறம் சிவந்திருப்பின் அவை தம் வேலையைச் செய்கின்றன என்று அறிக. அப்போது யூரியாவுக்கென வைத்த பணத்தை ஜிப்சத்திற்குச் செலவிடுதலே அறிவுடைமை.

"நம் முன்னோர் ஜிப்சமா இட்டனர்?" என்று சிலர் வினவக்கூடும். ஏரி வண்டலும் தொழுவுரமும் வண்டி வண்டியாக நிலத்தில் விழுந்த காலத்தையும், அவை அருகிப்போன இக்காலத்தையும் ஒப்பிடுதல் பொருந்தாது. அன்றியும், செடி உண்ட சுண்ணாம்பின் பெரும்பங்கு கொடியிலேயே தங்குகிறது. அக்கொடியையும் நாம் மாட்டுத் தீவனமாக வீட்டிற்கு எடுத்துச் செல்கிறோம். எடுப்பதை ஈடு செய்யாத நிலம் எத்தனை ஆண்டு தாங்கும்?

பரிகாரம் எளிது. ஏக்கர் ஒன்றுக்கு 160 கிலோ ஜிப்சத்தைத் தூளாக்கி, இறவைப் பயிராயின் 40 முதல் 45 நாட்களுக்குள் செடிகளின் ஓரத்தில் தூவிக் கொத்தி, மண் அணைத்தல் வேண்டும். மானாவாரியில் ஈரத்தை எதிர்பார்த்துச் சிறிது தாமதிக்கலாம். காய்ந்த மண்ணில் இச்சத்து கரைந்து காயை அடையாது. விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறலாகாது. ஜிப்சத்தில் கந்தகச் சத்தும் இருத்தலின் பருப்பில் எண்ணெய் சேர்வதற்கும் அது துணைபுரியும். சாம்பல் சத்தை அடியுரமாக இடுக. காய் பிடிக்கும் மேல்மண்ணில் அது மிகுந்தால் காய் சுண்ணாம்பை ஏற்பதற்கு இடையூறாகும். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களுக்கு ஜிப்சம் வேண்டுவதில்லை. மண் பரிசோதனை செய்து தெளிக.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜிப்சம் அறுபதாம் நாள் கிடங்கிற்கு வந்தால் இறவைப் பயிருக்கு என்ன பிரயோஜனம்? விதைப்புக் காலத்திலேயே கடலை பயிரிடுவோரின் தேவையைக் கணக்கெடுத்து, முதற் களை வெட்டு முடியுமுன் சரக்கு கிராமத்தை அடையுமாறு செய்தல் வேண்டும். கையில் ரொக்கமில்லாத குத்தகைக்காரர்க்கு முதலில் வழங்குதல் நன்று.

நாம் கூறுவதை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. ஜிப்சம் இடும் நிலத்தில் ஒரு பாத்தியை மட்டும் இடாமல் விட்டு, அறுவடையில் இரண்டிலிருந்தும் ஒரே எடையளவு உலர்ந்த காயை எடுத்து உடைத்துப் பருப்பை நிறுத்துப் பாருங்கள். தராசு காட்டுவதைக்கொண்டு அடுத்த போகத்திற்குத் தீர்மானியுங்கள்.