நால்வர் அமர்ந்த மேசை

சீட்டாட்டம் என்றதும் நமக்குச் சூதும் வெட்டிப்பொழுதும்தான் நினைவுக்கு வருகின்றன. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் வடிவமைத்து 1993இல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' அந்த எண்ணத்துக்குள் அடங்காதது. பல்லாயிரம் சீட்டுகளிலிருந்து தமக்கான கட்டை ஆடுபவரே தொகுத்துக்கொண்டு வரவேண்டும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் தொகுப்பாசிரியரின் வேலை அது.

இருவர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். பெரும்பாலும் நால்வர் ஆடும் 'கமாண்டர்' வகையில் 40. கட்டில் தலைவனையும் சேர்த்துச் சரியாக 100 சீட்டுகள். அடிப்படை நிலங்கள் நீங்கலாக எதுவும் இருமுறை வரலாகாது. இந்தச் சிறு மாற்றங்கள் உத்தியையே தலைகீழாக்கிவிடுகின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

'லைட்னிங் போல்ட்' மூன்று புள்ளிகளைப் பறிக்கும். இருவர் ஆட்டத்தில் அது 20இல் மூன்று. இங்கோ எதிரிகள் மூவரின் 120இல் மூன்று. ஒரு சீட்டைச் செலவிட்டு எதிரியின் ஒரு சீட்டை அழிப்பது இருவர் ஆட்டத்தில் சரிக்குச் சரி. நால்வர் மேசையிலோ நானும் அவரும் ஆளுக்கொன்று இழக்க, மற்ற இருவர் ஒன்றும் இழக்காமல் முந்துகிறார்கள். ஆகவே எல்லா உயிரினங்களையும் ஒருசேர அழிக்கும் 'ராத் ஆஃப் காட்' போன்ற சீட்டுகளுக்கு இங்கே மதிப்பு கூடுகிறது. 'ப்ராபகண்டா' இன்னும் நுட்பமானது. அது தாக்குதலைத் தடுப்பதில்லை. என்மேல் ஏவும் ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு மானா சுங்கம் கேட்கிறது. சுங்கம் கட்ட மனமில்லாதவர் படையை அடுத்தவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் துணைவலியையும் சேர்த்தே எடைபோடச் சொல்கிறார். இருவர் ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. நால்வர் ஆட்டத்தில் அதுவே பெரும்பாதி. முதல் சுற்றுகளிலேயே ஓங்கி நிற்பவரை மற்ற மூவரும் சேர்ந்து வீழ்த்துவார்கள். வலிமையைச் சேர்ப்பதைப் போலவே அதை வெளிக்காட்டாதிருப்பதும் இங்கே ஒரு கலை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 'டெமோனிக் கன்சல்டேஷன்', 'தாஸாஸ் ஆரக்கிள்' என்ற இரண்டு சீட்டுகள், மூன்றே மானா. தடுக்க ஆளில்லையென்றால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. விதி அனுமதிக்கிறது, வெல்லத்தானே ஆடுகிறோம் என்பார்கள் இவ்வழியினர். நால்வரும் அதே கருத்தோடு அமர்ந்தால் அது கூர்மையான, நேர்மையான போட்டிதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஏனைய மூவரும் நிதானமான கட்டுகளோடு வந்திருக்கையில், சொல்லாமல் கொள்ளாமல் அதை இறக்குவதுதான் பிழை. விதி மீறப்படவில்லை; மூவரின் மாலைப்பொழுது பறிபோகிறது.

இந்தப் பிணக்கு சிறியதன்று. 2024 செப்டம்பரில், தன்னார்வலர்களாலான விதிக்குழு 'மேனா கிரிப்ட்', 'ஜுவல்ட் லோட்டஸ்' உள்ளிட்ட நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. விலையுயர்ந்த சீட்டுகளை வைத்திருந்தோரின் சினம் குழுவினருக்கு மிரட்டல் விடுக்கும் அளவுக்குப் போயிற்று. அம்மாத இறுதியிலேயே பொறுப்பு விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கு மாறியது. 2025இல் அந்நிறுவனம் கட்டுகளை ஐந்து படிநிலைகளாகப் பகுக்கும் முறையை வெள்ளோட்டம் விட்டது.

படிநிலைகள் பயனுள்ளவையே. ஆயினும் எந்தப் பட்டியலும், ஆட்டத்துக்குமுன் நால்வரும் மனம்விட்டுப் பேசும் ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது. சீட்டுகளை எண்ணிவிடலாம், அமர்ந்திருப்பவர் எதை நாடி வந்திருக்கிறார் என்பதைக் கேட்டுத்தான் அறியமுடியும்.

எனவே கட்டைத் தொகுப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு சீட்டையும் சேர்க்கும்போது, இதனால் நான் வெல்வேனா என்பதோடு, இது இறங்கியபின் மற்ற மூவருக்கும் செய்வதற்கு ஏதேனும் மிஞ்சுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சாதென்றால், அதே போன்ற கட்டுகள் கூடும் மேசைக்கு அதை எடுத்துச் செல்லுங்கள்.