உப்புக் காற்றில் ஒரு கமரா



கமரா வாங்கப் போகும் பிள்ளைகள் யோசனை கேட்டால் பேச்சு மெகாபிக்சலில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கமராவின் உடலை. கடலுக்கும் நமது வீடுகளுக்கும் நடுவே இருப்பவை ரயில் பாதையும் மரைன் டிரைவும்தான். ஜன்னல் கம்பிகளைத் தின்னும் அதே உப்பு, கமராவுக்குள்ளும் புகுந்து படிகிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கிறது. லென்சுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணமும் பிடிக்கும்.

ஆகவே பொருத்துகளைப் பாருங்கள். லென்ஸ் பூட்டும் வளையம் உலோகமா? லென்சின் பின்விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா? பற்றரி மூடி ஆடாமல் மூடுகிறதா? உடலுக்குக் காப்பு இருந்தும் லென்சுக்கு இல்லையென்றால் ஈரம் அந்த வழியால் போய்விடும். மழையைத் தாங்கும் என்று பல நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. 2022இல் வந்த ஓஎம்-1 போன்ற சில கமராக்களுக்கே ஐபி53 என்ற அளவு தரப்பட்டிருக்கிறது. தூசிக்கு 5, விசிறும் நீருக்கு 3. அதுவும் அதே காப்புள்ள லென்ஸ் பூட்டியிருந்தால்தான். ஆடிவேல் ஊர்வலத்தில் தூறலுக்குள் நின்று படம் எடுக்க அது போதும், அலைக்குள் இறங்கப் போதாது.

பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். பூச்சு உரிந்த மக்னீசிய உடலை உப்பு விரைவாக அரிக்கும். நல்ல பொலிகாபனேற் பிளாஸ்டிக் துருப்பிடிப்பதே இல்லை. பாரமான லென்சைப் பூட்டி நாள் முழுக்கத் தோளில் சுமப்பவர்களுக்குத்தான் உலோக உடல் கட்டாயம் வேண்டும்.

கலியாண வீடுகளில் படம் எடுக்கும் தம்பிமார் ஷட்டரின் ஆயுளையும் விசாரிக்க வேண்டும். கெனன் 5டி மார்க் 4க்குச் சொல்லப்படுவது 150,000 தடவைகள். ஒரு கலியாணத்துக்கு 3,000 படம் என்றால் 50 கலியாணங்களில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். பாவித்த கமரா வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். 2022இல் ரூபா விழுந்த பிறகு, பழுதானதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது நம்மில் பலருக்கு இயலாத காரியம்.

கடற்கரையிலிருந்து வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். காய்ந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். கடலோர வீட்டில் பத்து வருடம் தாண்டியும் இயங்கும் கமரா உங்களிடம் இருந்தால், அது எது, எப்படிப் பேணுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக அவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்