நியமனக் கடிதத்தோடு படிப்பு முடிவதில்லை

எமது ஊரில் ஒரு பெண்பிள்ளைக்குத் தாதிய நியமனம் கிடைத்துவிட்டால் வீட்டில் நடப்பது இதுதான். வாப்பா பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். உம்மா அயல் வீடுகளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார். பிள்ளையின் உயர்தரக் குறிப்புகளும் தாதியர் கல்லூரிப் புத்தகங்களும் ஒரு பெட்டிக்குள் போய், அலுமாரியின் மேல் ஏறிவிடும். "அல்ஹம்துலில்லாஹ், படிச்சி முடிஞ்சிட்டு" என்று வீடே ஆறுதல் பெருமூச்சு விடும்.

2004இல் எனது வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அந்தப் பெட்டியை நான் ஏழு வருடங்கள் இறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒரு பொம்மையின் முன்னால் நின்றுதான் விளங்கிக்கொண்டேன்.

2011இல் ஒரு சேவைக்காலப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். இருதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் முறையை இறப்பர் பொம்மையில் செய்துகாட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த வேலைதானே என்று முன்னுக்குப் போனேன். முதலில் சுவாசப் பாதையைத் திறந்தேன், அடுத்து மூச்சுக் கொடுத்தேன், பிறகு 15 முறை அழுத்தி 2 மூச்சு என்று தொடர்ந்தேன். என்னைவிடப் பல வயது இளைய ஒரு தாதி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "மிஸ், இப்ப 30க்கு 2. அதோட முதல்ல நெஞ்சத்தான் அழுத்தணும்."

நான் படித்தது பிழையல்ல. நான் படித்த காலத்தில் அதுதான் சரி. 2005ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்கள் 15க்கு 2 என்பதை 30க்கு 2 என்று மாற்றின. 2010இல் அமெரிக்க இருதய சங்கம், மூச்சுக் கொடுப்பதற்கு முன்னர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும் என்று வரிசையையே மாற்றியது. 2015இல் அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்று திட்டமாக வரையறுக்கப்பட்டது. மூன்று மாற்றங்களில் இரண்டு நடந்து முடிந்திருந்தன. நான் ஒன்றையும் அறிந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் கிடந்தது பொம்மை. அது ஒரு தாயாக இருந்திருந்தால்?

அன்றிலிருந்து எனது கருத்து ஒன்றுதான். ஒரு தாதியின் படிப்பு நியமனத்தோடு முடிவதில்லை, அங்கேதான் அதன் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. அந்தப் படிப்பை அவளுடைய தனிப்பட்ட ஆசையாகவும் வீட்டு வேலை முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்துக்கான பொழுதுபோக்காகவும் நாம் பார்க்கக் கூடாது. அது அவளுடைய கடமையின் ஒரு பகுதி. ஆகவே அதற்கான நேரத்தைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வைத்தியசாலைக்கும் உண்டு, வீட்டுக்கும் உண்டு.

பல நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. பிரித்தானியாவில் 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு தாதியும் 3 வருடங்களுக்கு ஒருமுறை தனது பதிவை மீளுறுதி செய்ய வேண்டும். அதற்காக 450 மணித்தியாலம் கடமை புரிந்திருக்க வேண்டும், 35 மணித்தியாலம் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும். அந்த 35இல் 20 மணித்தியாலமாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தனது வேலையைப் பற்றித் தானே சிந்தித்து எழுதிய 5 குறிப்புகளையும் வைத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் வருடத்துக்கு 20 மணித்தியாலம். இந்தியாவில் 5 வருடங்களுக்கு 150 மணித்தியாலம் என்று வகுத்திருக்கிறார்கள்.

எமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தாதியர் பேரவைக்கு வழி செய்தது. அரச சேவையில் வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைகள் இருக்கின்றன, இரண்டாம் மொழித் தேர்ச்சி இருக்கிறது. ஆனாலும் ஒரு தாதியின் மேற்படிப்பு இங்கு பெரும்பாலும் பதவியுயர்வோடும் அவரவர் விருப்பத்தோடுமே கட்டுண்டு கிடக்கிறது. பரீட்சை தாண்டினால் சம்பளப் படி ஏறும், அதற்காகப் படிக்கிறோம். நோயாளிக்காகப் படிக்கிறோமா என்பதுதான் கேள்வி.

"இருக்கிற வேலையே தலைக்கு மேல, இதுக்குள்ள மணித்தியாலக் கணக்கு வேற கட்டாயமா?" என்று எனது சக தாதியர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். காலை 7 முதல் பகல் 1 வரை ஒரு முறை, பகல் 1 முதல் மாலை 7 வரை ஒரு முறை, மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை இரவுக் கடமை. ஆள் பற்றாக்குறை என்றால் மேலதிக நேரம். இரவுக் கடமை முடித்து வந்து பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, சோறு ஆக்கி வைத்துவிட்டுப் படுக்கும் ஒருத்தியிடம் "புத்தகத்தை எடு" என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

ஆனால் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். 3 வருடத்துக்கு 35 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வருடத்துக்கு 20 மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 25 நிமிடத்துக்கும் குறைவு. இது மலையல்ல. அந்த 25 நிமிடத்தை எந்த நேரத்திலிருந்து எடுப்பது என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது. அதை அவளுடைய தூக்கத்திலிருந்து எடுத்தால் அது தண்டனையாகும், கடமை நேரத்திலிருந்து கொடுத்தால் அது கல்வியாகும். கட்டாயம் வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் நேரமும் அதோடு சேர்ந்தே வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள், கடமை மாறும் வேளையில், வாட்டிலேயே அரை மணித்தியாலம் ஒரு நோயைப் பற்றிப் பேசினால் போதும். மண்டபமும் வேண்டாம், பகல் உணவுப் பொதியும் வேண்டாம்.

இன்னொரு பயமும் எனக்குண்டு. கட்டாயம் என்று வந்தவுடன் சான்றிதழ் சேகரிக்கும் பழக்கமும் கூடவே வரும். கையொப்பம் வைத்துவிட்டுப் பின்வரிசையில் கைபேசி பார்க்கும் கூட்டங்களை நாம் கண்டிருக்கிறோம். அதனால்தான் சிந்தித்து எழுதும் அந்த 5 குறிப்புகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. "இன்று நான் எதைப் பிழையாகச் செய்தேன், நாளை எப்படிச் செய்வேன்" என்று தன் கையால் எழுதியவள் அதை இலேசில் மறக்க மாட்டாள்.

எதைப் படிப்பது என்று தேடி நாம் தூரப் போகவும் தேவையில்லை. களனி கங்கையும் குருகொட ஓயாவும் சந்திக்கும் ஊர் எமது ருவான்வெல்லை. வயலும் இறப்பர் தோட்டமும் மழையும் சூழ்ந்த மண். சப்பிரகமுவாவுக்கு எலிக்காய்ச்சல் புதிதல்ல. சேற்றில் இறங்கும் விவசாயியும் இரத்தினக்கல் குழியில் இறங்கும் தொழிலாளியும் காய்ச்சலோடு வந்தால் "என்ன வேலை செய்றீங்க, தண்ணீல நின்டீங்களா?" என்று முதலில் கேட்பது தாதிதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதே பாதி வைத்தியம்.

டெங்கு இன்னொரு பாடம். 2017இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளர் பதிவானார்கள். காய்ச்சல் இறங்கினால் ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் வீட்டிலுள்ளவர்கள் நினைப்பார்கள். உண்மையில் சில நோயாளருக்கு அந்த வேளையில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் நெருக்கடி. அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மணிக்கு மணி சிறுநீரை அளந்து, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து, மாற்றத்தை வைத்தியருக்கு உடனே சொல்ல வேண்டியவள் தாதி. அந்த அட்டவணையை ஏன் நிரப்புகிறோம் என்று விளங்கி நிரப்புபவளுக்கும் இலக்கத்தை மாத்திரம் எழுதுபவளுக்கும் இடையே ஓர் உயிரின் தூரம் இருக்கிறது.

2016 மே 17ஆம் திகதி எமது மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போயின. அப்படியொரு நாளுக்கு ஒரு வைத்தியசாலை ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், யாரை முதலில் பார்ப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்ற பயிற்சி அந்த நாளுக்கு முன்னரே நடந்திருக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் ஒரு தமிழ்த் தாய் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை தேடித் தவிப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். "என்னம்மா செய்யுது?" என்று நாம் தமிழில் கேட்டவுடன் அந்த முகம் மாறும். தமிழும் சிங்களமும் பேசும் ஒரு தாதி இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியையும் கற்க வேண்டும் என்பது விதி. அதை ஒரு பரீட்சைத் தொல்லையாக எண்ணாதீர்கள். எங்களுக்குத் தமிழ் கற்பிக்கக் கேட்கும் சிங்களத் தாதியருக்கு நான் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். எனது சிங்களத்தை அவர்கள் திருத்துகிறார்கள். இதுவும் தொடர்கல்விதான்.

ஆனால் மேற்படிப்பின் கதவு ஆங்கிலத்தில் இருக்கிறது. வேலை செய்துகொண்டே பட்டம் பெற விரும்பும் தாதியருக்காகத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வாட்டை விடாமல் பட்டதாரியாகும் வழி அது. அங்கு பாடங்கள் ஆங்கிலத்தில். திறமையிருந்தும் "இங்கிலீஷ் பயமாயிருக்கி" என்று விண்ணப்பப் படிவத்தை மடித்து வைத்தவர்களை நான் அறிவேன். நானும் இரண்டு வருடம் மடித்து வைத்தவள்தான்.

ஆகவே தங்கச்சிமாரே, உயர்தர விஞ்ஞானப் பிரிவில் இருப்பவர்களுக்கும் சாதாரண தரத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தாதியாக வர விரும்பினால் புள்ளிகளை மாத்திரம் சேர்க்காதீர்கள், வாசிக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் படியுங்கள். விளங்காத சொல்லைக் கொப்பியில் எழுதுங்கள். தெரியாததை "தெரியாது" என்று சொல்லப் பழகுங்கள். வெட்கப்பட்டு மறைத்த அறியாமை வகுப்பறையில் ஒரு புள்ளியைத்தான் குறைக்கும். வாட்டில் அதன் விலை வேறு.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளத்தையும் வீட்டையும் விசாரிக்கிறீர்கள். "கல்யாணத்துக்குப் பிறகும் எங்கட பிள்ள படிப்பா, பரீட்சை எழுதுவா, பயிற்சிக்குப் போவா, அதுக்கு நீங்க சம்மதமா?" என்றும் கேளுங்கள். மாமிமாரிடம் சொல்கிறேன்: மருமகள் புத்தகத்தோடு இருக்கும் அரை மணித்தியாலம் வேலைக் கள்ளத்தனமல்ல. நாளை உங்கள் கையில் ஊசி ஏற்றப் போகும் கையும் யாரோ ஒருவருடைய மருமகளின் கைதான். அவள் படித்திருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்ப மாட்டீர்களா? எனது பரீட்சைக் காலத்தில் எனது கணவர் இரவுச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்தார். பராட்டா கருகியது. குடும்பம் கருகவில்லை.

பெண்பிள்ளை தாதியாவதா என்று தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு ருபைதா அல்-அஸ்லமிய்யா (ரழி) அவர்களை நினைவூட்டுகிறேன். அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பள்ளிவாசலில் இருந்த அந்தப் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மருத்துவ அறிவு தெரிந்த தந்தையிடம் அவர் அதைக் கற்றார் என்றும், தான் கற்றதை மற்றப் பெண்களுக்குக் கற்பித்தார் என்றும் வரலாறு கூறுகிறது. ஒரு தந்தை மகளுக்குக் கற்றுக்கொடுத்தார், மகள் பிறருக்குக் கற்றுக்கொடுத்தாள். தொடர்கல்வி என்று இன்று நாம் பெயர் சூட்டியிருப்பது அதற்குத்தான். எமது மார்க்கத்தின் முதல் கட்டளையே ஓதுமாறுதான் வந்தது, இத்தனை வயதுவரை என்று அதற்கு எல்லை வைக்கப்படவில்லை.

எனது பெட்டி இப்போது அலுமாரியின் மேல் இல்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திறந்தே இருக்கிறது. பழைய புத்தகங்களில் பலவற்றை அகற்றிவிட்டேன். 15க்கு 2 என்று எழுதிய அந்தக் கொப்பியை மாத்திரம் வைத்திருக்கிறேன். புதிதாகக் கடமைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, "இதுவும் ஒரு காலத்தில சரியான விடைதான்" என்று சொல்வேன்.