அரியலூரின் சுரங்க முகங்களைக் காக்க வேண்டும்

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, ஊட்டத்தூர் தொடங்கி அரியலூரைத் தாண்டிச் செந்துறை வரை பரந்துகிடக்கும் வறண்ட நிலத்தின் அடியில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உட்புகுந்து, பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் நெடுங்காலம் தங்கியிருந்த ஒரு கடலின் வண்டல்கள் பாறையாக இறுகியிருக்கின்றன. 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்த காலப்பகுதியை நிலவியலாளர் கிரெட்டேசியஸ் என்பர். அதன் பிற்பாதியைக் கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்களோடு இவ்வளவு விரிவாகப் பதிந்துவைத்திருக்கும் நிலப்பரப்புகள் இந்தியாவில் மிகச் சில. இன்று இந்த வட்டாரம் சிமெண்ட் உற்பத்தியாலேயே அறியப்படுகிறது. சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லும் ஆய்வாளர் தேடும் தொல்லுயிர் எச்சங்களும் ஒரே பாறையில் இருப்பதால், இங்கே எதைக் காப்பது, எப்படிக் காப்பது என்ற கேள்வி நாட்டின் வேறெந்தத் தொல்லுயிர்க் களத்தையும்விட அவசரமானதாகிறது. அதற்கு இதுவரை தரப்பட்டுள்ள விடை, கிடைத்த எச்சங்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது என்பதாகவே இருக்கிறது. அந்த விடை போதாது என்பதற்கு இப்பாறைகளின் ஆய்வு வரலாறே சான்று.

கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டம் பிளந்து, இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவிலிருந்து விலகியபோது நிலம் இறங்கி உருவான பள்ளமே காவிரிப் படுகை. அதன் மேற்கு ஓரத்தில், மிகப் பழைய நைஸ், சார்னோகைட் பாறைகளின் மீது, முதலில் நன்னீர்க் களிமண் படிந்தது. பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணியின் வெண்களிமண்ணில் காணப்படும் டைலோஃபில்லம் போன்ற தாவரங்களின் இலைப்பதிவுகள் அக்காலத்தவை. அதன் பிறகே கடல் வந்தது. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக மூத்த பாறைகளைக் கடந்து இளைய பாறைகளை அடையலாம். பவளங்களும் சுண்ணாம்புப் பாசிகளும் கட்டியெழுப்பிய கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல், அதன் பின் ஆழமான கடலில் படிந்த காரைக் களிமண், சிப்பிகள் நெருக்கமாகப் பொதிந்த கருடமங்கலத்துக் கல், சில்லக்குடி மணற்கல், கல்லங்குறிச்சியின் தடித்த சிப்பிப் படுகை, ஒட்டக்கோவில் மணற்கல், ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த கல்லமேட்டு மணலும் களிமண்ணும், எல்லாவற்றுக்கும் மேலாக நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் என்ற வரிசை பெரும்பாலும் ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது. (கல்லக்குடி ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்ற பெயர் வந்ததும், அதை மாற்றக் கோரி 1953இல் நடந்த போராட்டம் தமிழக அரசியலில் இடம்பெற்றதும், இந்தப் பவளச் சுண்ணாம்புக்கல்லை நம்பி அங்கே சிமெண்ட் ஆலை எழுந்ததன் விளைவுகளே.)

இவ்வரிசை அறிவியலுக்குள் வந்தது 1840களில். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் இலண்டனில் விவரித்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் நிலத்தை அளந்து வரைபடமாக்கி, 1862இல் வெளியிட்ட நூலில் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்; பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகிப் பருவமழை ஆய்வுக்கு அடித்தளமிட்டவரும் இவரே. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, அம்மோனைட்டுகள் முதல் பவளங்கள் வரை தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் விலங்குகளை 1873 வரை நான்கு பெருந்தொகுதிகளில் விவரித்துவிட்டு, அடுத்த ஆண்டே யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் 36ஆம் வயதில் இறந்தார். ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் காஸ்மட் 1890களில் அப்பணியைத் திருத்தி விரிவாக்கினார். இந்த உழைப்பினால்தான் ஊட்டத்தூரின் பெயரை ஊட்டத்தூரிசெராஸ் என்னும் ஓர் அம்மோனைட் பேரினம் தாங்கி நிற்கிறது. காஸ்மட்டின் பெயரிலும் ஒரு பேரினம் உண்டு.

அம்மோனைட்டுகள் கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவினங்கள். அறை அறையாகப் பிரிக்கப்பட்ட சுருள் ஓட்டின் கடைசி அறையில் உடல் தங்க, பிற அறைகளின் காற்றைக் கொண்டு மிதப்பைச் சீர்செய்துகொண்டவை. வைணவர் வழிபடும் கண்டகி நதிச் சாளக்கிராமமும், இவற்றைவிடப் பழைய ஒரு கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் எச்சமே என்பது பலர் அறியாதது. ஒவ்வோர் அம்மோனைட் இனமும் நிலவியல் கணக்கில் மிகக் குறுகிய காலமே வாழ்ந்து மறைந்தது. அவற்றுள் பல, அந்தக் குறுகிய காலத்துக்குள் வெவ்வேறு கடல்களிலும் பரவின. ஆகவே ஒரு படுகையில் எந்த இனம் கிடைக்கிறது என்பது தெரிந்தால், அப்படுகையை மடகாஸ்கரிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஒத்த வயதுப் படுகையோடு பொருத்த முடிகிறது. இந்தக் காலக்கணிப்புக்கு இன்றியமையாத ஒரு நிபந்தனை உண்டு: எச்சம் எந்த அடுக்கில், அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பது பதிவாகியிருக்க வேண்டும். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே மழை அரித்த செம்பழுப்பு நிற ஓடைகளில், ஜிப்சத் தகடுகளுக்கிடையே, துப்பாக்கிக் குண்டைப் போன்ற பெலம்னைட் உட்கூடுகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். கணவாய் போன்ற ஒரு விலங்கின் உடலுக்குள் வளர்ந்த இந்தக் கால்சைட் கூட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு, அன்றைய கடல்நீரின் வெப்பத்தைக் கணிக்க இயலும். ஆனால் ஓடையிலிருந்து பொறுக்கிய பெலம்னைட் எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று தெரியாதபோது, அது தரும் வெப்ப அளவு எந்தக் காலத்துக்கு உரியது என்றும் தெரியாது. அப்போது எஞ்சுவது அழகான ஒரு கல் மட்டுமே.

இதே காரைக் களிமண்ணிலிருந்து சுறாப் பற்களும் இக்தியோசார் என்னும் மீன்வடிவக் கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும் கிடைத்துள்ளன. ரிச்சர்ட் லைடெக்கர் 1879இலேயே ஊட்டத்தூர்த் தொகுதியின் முதுகெலும்புகளை வைத்து இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்னும் இனத்தை அமைத்தார்.

அரியலூர்க் கடலின் உயிரினங்கள் ஒரு பெரிய விவாதத்துக்கும் இட்டுச் சென்றன. நர்மதைப் பள்ளத்தாக்கின் பாக் பகுதியில் உள்ள கிரெட்டேசியஸ் எச்சங்கள் அரேபிய, ஐரோப்பிய இனங்களை ஒத்திருக்க, திருச்சிராப்பள்ளி எச்சங்கள் மேகாலயாவின் காசி மலையையும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலையும் ஒத்திருப்பதை 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டனர். இரு கடல்களையும் பிரித்து நின்ற ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் அடைந்த முடிவு. பிளான்ஃபோர்டே 1875இல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு பழங்கண்டத்தைப் பற்றி எழுதினார். விலங்கியலாளர் ஸ்க்லேட்டர் 1864இல் முன்வைத்த லெமூரியாக் கருத்தும் இத்தகைய சிந்தனைகளும் பின்னர்த் தமிழ்ச் சூழலில் குமரிக் கண்டத்தோடு இணைத்துப் பேசப்பட்டன. இன்றைய நிலவியல் அந்த ஒற்றுமைகளை மூழ்கிய கண்டமின்றியே விளக்கிவிடுகிறது: இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகியவை ஒரே நிலத்தின் துண்டுகள், அவை விலகிய வழியில் திறந்த கடல்களே இவ்வுயிர்களின் பாதைகள். இப்பாறைகள் உருவான காலத்துக்கும் மனித இனம் தோன்றிய காலத்துக்கும் இடையே ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் இருப்பதால், இவற்றைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாக்க எவ்வகையிலும் வழியில்லை. இந்த நிலத்தின் பெருமைக்கு அத்தகைய துணை தேவையும் இல்லை.

அடுக்கின் மதிப்பையும், எச்சத்தைப் பேணுவதன் மதிப்பையும் மிகக் கடுமையாக உணர்த்துவது கல்லமேடு. அங்கே பெரிய விலங்குகளின் எலும்புகள் இருப்பதைப் பிளான்ஃபோர்ட் காலத்திலேயே அறிந்திருந்தனர். சார்லஸ் மேட்லி 1929இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். யாதகிரி, அய்யாசாமி ஆகிய இந்திய நிலவியலாளர் இருவர் 1987இல் அங்கிருந்து ப்ருஹத்காயோசாரஸ் மேட்லியி என்னும் டைனோசாரை அறிவித்தனர். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட அவ்விலங்கு, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளான டைட்டனோசார்களுள் ஒன்று என்பது பின்னர்ப் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. அந்த அளவு சரியானால், நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது இதுவாக இருக்கலாம். அதன் எடை நூறு டன்னைத் தாண்டியிருக்கும் என்று 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஏறி நொறுங்கும் களிமண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை உதிர்ந்து அழிந்தன. முதல் கட்டுரையில் கோட்டுப் படங்களே இருந்ததால், அது எலும்பா, கல்லாகிய மரத்துண்டா என்று ஐயுற்றோரும் உண்டு. களத்தில் எடுக்கப்பட்ட பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியான பின்னரே அந்த ஐயம் தணிந்தது. உலகமே பேசியிருக்க வேண்டிய ஒரு விலங்கு, சரிபார்க்க இயலாத ஒரு பெயராக நின்றுவிட்டது.

அதே ஆய்வாளர்கள் 1979இல் திருச்சிராப்பள்ளித் தொகுதியிலிருந்து அறிவித்த திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி முதுகுத் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகையைச் சேர்ந்ததா, பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவா என்ற கேள்வி 1990களில் எழுந்து, இன்றளவும் அதன் பெயரைத் தொடர்கிறது.

ப்ருஹத்காயோசாரஸின் இழப்புக்கு நேர்மாறான பாடத்தையும் கல்லமேடே தருகிறது. பெரிய எலும்புகளைத் தேடுவதை விடுத்து, மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து நீரில் கரைத்துச் சலித்து நுண்ணோக்கியின் கீழ்ப் பார்க்கும் முறையைக் கையாண்டவர்களுக்கு, ஒரு சிறிய பல் வழியே ட்ரூடான்டிட் என்னும் பறவைச் சாயல் டைனோசாரின் தடம் கிடைத்தது. வடகண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாகக் கருதப்பட்ட குழு அது. 2013இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பு உலக அளவில் கவனம் பெற்றது. மடகாஸ்கரின் சிமோசூகஸ் என்னும் தாவர உண்ணி முதலையினத்தை நினைவூட்டும் பற்களும் இங்கே உண்டு. குர்மதெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று இவ்வூரின் பெயராலேயே 2001இல் பெயரிடப்பட்ட ஆமைக்கும் மிக நெருங்கிய உறவினம் மடகாஸ்கரிலேயே கிடைத்துள்ளது. இரு நிலங்களும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட நிலையில், அதற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்தகைய ஒற்றுமை நீடித்தது ஏன் என்பது இன்னும் தீராத கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி கல்லமேட்டில் இன்னும் சலிக்கப்படாத மண்ணில்தான் இருக்க முடியும்.

கல்லமேட்டுக்கு மேலே கடல் மீண்டும் வந்தபோது அதில் அம்மோனைட்டுகள் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதலும் தக்காணத்து எரிமலைக் குழம்புப் பெருக்கும் நிகழ்ந்த காலத்தில், டைனோசார்களில் பறவைகள் நீங்கலாக மற்றவை அழிய, கடலில் அம்மோனைட்டுகள் முழுதாக அழிந்தன. ஆனால் அவற்றைப் போலவே சுருள் ஓடுடைய நாட்டிலஸ் குலம் தப்பியது. நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் டானிகஸ் இனம் அப்படித் தப்பிய மரபைச் சேர்ந்தது. அம்மோனைட்டுக் குஞ்சுகள் மிகச் சிறியவையாக மேற்பரப்பு நீரில் மிதந்து நுண்ணுயிர்களை நம்பி வாழ்ந்தன; நாட்டிலஸ் முட்டைகள் பெரியவை, ஆழ்ந்த நீரில் மெல்லப் பொரிப்பவை; மேற்பரப்பின் உணவுச் சங்கிலி அறுந்தபோது முன்னது அழியப் பின்னது பிழைத்தது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் விளக்கம். அவ்விளக்கத்துக்கு அடிப்படையான இரு தரப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் அடுக்குகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன.

இந்த அடுக்குகளை வெட்டும் தொழிலை முழுமையாகப் பகையாகக் கருதுவது நியாயமாகாது. சமநிலமான இந்நாட்டில் பாறை இயற்கையாக வெளிப்படும் இடம் குறைவு. கல்லக்குடியிலும் கல்லங்குறிச்சியிலும் பல மீட்டர் உயரச் செங்குத்து வெட்டுகளைச் சுரங்கங்கள் திறந்திராவிட்டால், அந்தப் பவளத் திட்டையும் கிரிஃபியா, இனோசெராமஸ் சிப்பிப் படுகைகளையும் எவரும் முழுமையாகப் பார்த்திருக்க முடியாது. ஆயினும் சுரங்கம் திறந்த முகத்தையே அடுத்த வெடி அழிக்கிறது. கல் எடுத்து முடிந்த பள்ளம் நீர் நிறைந்தோ மண் கொட்டப்பட்டோ மூடிப்போகிறது. திறந்திருக்கும் சில ஆண்டுகளுக்குள் எவரேனும் வந்து அளந்தால்தான் உண்டு.

தொல்லியலில் இந்த நியாயத்தைத் தமிழ்ச் சமூகம் நன்கு உணர்ந்திருக்கிறது. கீழடியில் ஒரு பானை ஓடு எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதே அதன் வயதைச் சொல்கிறது என்பது இன்று பள்ளி மாணவருக்கும் தெரியும். அரியலூர் மாவட்டத்திலேயே மாளிகைமேட்டில் சோழர் அரண்மனை எச்சங்களை அடுக்கடுக்காகப் பதிந்தே தோண்டுகிறார்கள். அதே ஒழுங்கு அம்மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இல்லாமல் போவதற்குக் காரணம், தொல்லியல் சின்னங்களுக்குள்ள சட்டப் பாதுகாப்பு தொல்லுயிர் எச்சங்களுக்கு இல்லை என்பதே. நில மரபுத் தலங்களைக் காக்க மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்ட மசோதா வரைவு நிலையிலேயே தங்கிவிட்டது. அதிகாரம் அனைத்தையும் ஒரே துறையிடம் குவிப்பதாக நிலவியலாளர்களே அதை எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது. திருத்தி நிறைவேற்றுவதே அதற்கு உரிய மறுமொழி.

களத்திலேயே காப்பது இயலாதது என்று சொல்வதற்கும் இடமில்லை. எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த சாத்தனூரின் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கிடந்த இடத்திலேயே வேலியிட்டுக் காக்கப்படுகிறது. கடலோரக் காட்டிலிருந்து அடித்துவரப்பட்ட மரம் கடல் வண்டலில் புதைந்தது என்பதை அங்கே நின்று பார்ப்பவர் உணர முடிவது, அது தன் பாறையை விட்டுப் பிரிக்கப்படாததால்தான். காரை ஓடைகளும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அறிவிப்புப் பலகை காவலாகிவிடாது. வாரணவாசியிலுள்ள தொல்லுயிர் அருங்காட்சியகம் வரவேற்கத்தக்கதே எனினும், அடுக்குகளின் வரிசையை அதனால் கூடத்துக்குள் கொண்டுவர இயலாது.

வேண்டியது புதிய பெருஞ்செலவு எதுவுமில்லை. சுரங்கக் குத்தகை பெற்றவர் சுரங்க மூடல் திட்டத்தை இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் அளிப்பது ஏற்கெனவே கட்டாயம். கிரெட்டேசியஸ் பகுதியில் அமைந்த ஒவ்வொரு சுரங்கத்தின் மூடல் திட்டத்திலும், அடிமுதல் முடிவரை அடுக்குகள் தெரியும் ஒரு முகத்தையாவது நீர் தேங்காமலும் மண் மூடாமலும் நிலையாக விட்டுவைக்க வேண்டும் என்ற ஒற்றை விதியைச் சேர்த்தால் போதும். வெட்டு நடக்கும் ஆண்டுகளில் பல்கலைக்கழக நிலவியல் துறைகளுக்கு அளவெடுக்கவும் மாதிரி எடுக்கவும் அனுமதி உரிமையாக வேண்டும். எடுக்கப்படும் எச்சங்கள் அடுக்குக் குறிப்போடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு நிலையான காப்பகத்தில் சேர வேண்டும். ஃபோர்ப்ஸ் விவரித்த எச்சங்களைப் பார்க்க இலண்டனுக்கும், ஸ்டோலிச்கா விவரித்தவற்றைப் பார்க்கக் கொல்கத்தாவுக்கும் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் பார்க்கக் கிடைக்கின்றன. கல்லமேட்டில் எடுத்த ப்ருஹத்காயோசாரஸ் எலும்புகள் எங்கேயும் இல்லை. கல்லங்குறிச்சியில் இன்று திறந்திருக்கும் முகங்களுள் எவை இந்தப் பத்தாண்டுக்குள் மூடப்படும் என்பது குத்தகை ஆவணங்களிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு மாநில நிலவியல், சுரங்கத் துறை இப்போதே வேலையைத் தொடங்கலாம்.