தரிசு என்றொரு பொய்

'தரிசு' என்ற சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. திருச்சி மாவட்டத்துத் தாலுகா அலுவலகங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக உட்கார்ந்திருந்தவன் நான். அந்தச் சொல்லை அன்றாடம் பார்த்தவன். இப்போது சூரிய மின்சாரத்துக்கு நிலம் தேடும் காலம் வந்திருக்கிறது. தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பழைய பதிவேட்டைத்தான். ஆகவே அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிராமத்து அ-பதிவேட்டில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் புல எண், பரப்பு, தீர்வை என்று ஒரு வரி இருக்கும். பட்டா நிலம் போக மிச்சமெல்லாம் அரசுக் கணக்கு. அதில் ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு, மேய்ச்சல், மந்தைவெளி என்று பலவகைப் புறம்போக்குகள். இவை தவிர 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இரண்டு. வெள்ளைக்காரன் ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்து கிஸ்தி போட்ட காலத்தின் பாகுபாடு இது. சர்க்காருக்கு வரி கொடுக்காத நிலம் தரிசு, அவ்வளவுதான். அங்கே புல் முளைக்கிறதா, ஆடு மேய்கிறதா, கவுதாரி முட்டையிடுகிறதா என்று எழுத அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது. வசூல் கணக்குக்காக எழுதிய ஒரு சொல்லை, நூற்றைம்பது வருஷம் கழித்து நிலத்தின் குணமாகவே நாம் நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

மணப்பாறை, துவரங்குறிச்சிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லாத பொட்டல்" என்பார்கள். ஒண்ணுமில்லையா? ஆவாரையும் சூரையும் வெள்வேலும் நிற்கின்றன. கவுதாரி, காடை, ஆட்காட்டி, வானம்பாடி எல்லாம் தரையில் கூடு வைக்கும் பறவைகள். அவற்றுக்கு மரம் அடர்ந்த காடு உதவாது. இந்தத் திறந்த வெளிதான் வேண்டும். முயல், நரி, உடும்பு, கீரிக்கும் இதுவே வீடு. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் இப்படிப்பட்ட புல்வெளிகளை நம்பித்தான் வருகின்றன.

முள்ளுக்காட்டின் மதிப்புக்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர், அய்யலூர் பகுதிக் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. 2022-ல் தமிழக அரசு அங்கே 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. வறண்ட முட்காடு என்று எல்லோரும் தாண்டிப் போன இடம்! அது காப்புக்காடாக, வனத்துறை வசம் இருந்ததால் தப்பியது. வேலிக்கு இந்தப் பக்கம், அதே முள், அதே புல் இருக்கும் வருவாய்த் துறை நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த வெளியை நம்பி மனிதர்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரிப் பாசன ஊர்களுக்கு வருவதை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அறுவடையான வயலில் கிடை போடுவார்கள். வயல்காரருக்கு எரு, கீதாரிக்குக் கூலி. வழியிலும், வயலில் பயிர் நிற்கும் மாதங்களிலும் அந்த ஆடுகள் எங்கே மேய்கின்றன? நம் பதிவேடு தரிசு என்று சொல்லும் இடத்தில்தான்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூகோளப் பாடத்தில் பிரான்ஸின் தென்மேற்கே லாந்த் என்ற பிரதேசம் வரும். சதுப்பும் புதருமான சமவெளி. ஊர்ப் பொது நிலம். அங்கே இடையர்கள் உயரமான கட்டைக்கால்களில் நடந்து ஆடு மேய்த்தார்கள். அந்த ஆட்டெருவில்தான் அவர்களுடைய சிறு வயல்களில் கம்புபோல ஒரு தானியம் விளைந்தது. பாரீஸில் இருந்தவர்களுக்கு அது வெறும் வீண் நிலமாகத் தெரிந்தது. 1857-ல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் சட்டம் போட்டு, தண்ணீரை வடித்துப் பைன் மரம் நடச் சொன்னார்கள். பிசினும் மரமும் விற்றுச் சிலர் செழித்தார்கள். மேய்ச்சல் போயிற்று, மந்தை போயிற்று, கட்டைக்கால் இடையன் தபால் அட்டைப் படமானான். எங்கள் பாடப்புத்தகம் இதை முன்னேற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த இடையனைக் கேட்டு யாரும் எழுதவில்லை.

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் கொதித்துவிடுவார். "என்ன ஸார், 2012-ஐ மறந்துட்டீங்களா? பாதி நாள் கரண்ட் இல்லாம விசிறிமட்டையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தோமே! நிலக்கரியும் வேண்டாம், சோலாரும் வேண்டாம்னா எதுலதான் மின்சாரம் எடுக்கறது?"

மறக்கவில்லை. நியாயமான கேள்விதான். நிலக்கரியை எரித்துக்கொண்டே இருந்தால் பூமி சூடாகிக் கவுதாரியும் போகும், காவிரியும் போகும். சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. எந்த நிலத்தில், யாரைக் கேட்டு, எதை எண்ணிப் பார்த்துவிட்டு என்பதில்தான் சண்டை.

அளவைப் பாருங்கள். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். பரப்பு சுமார் 2,500 ஏக்கர். ஸ்ரீரங்கம் கோயில் ஏழு பிராகாரங்களும் சேர்த்து 156 ஏக்கர். அதாவது பதினாறு ஸ்ரீரங்கம் கோயில் அளவுக்குக் கண்ணாடிப் பலகை! இத்தனை பெரிய பரப்பைச் சுத்தம் செய்து வேலி போடும் வேலைக்கு, 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை. புகை இல்லாத தொழில் என்பதால் விலக்கு. புகை இல்லை, சரி. அங்கே என்ன இருந்தது என்று எண்ணிப் பார்க்கவும் ஆள் இல்லையே!

எண்ணாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை ராஜஸ்தானில் பார்த்தாயிற்று. கானமயில் என்ற பெரிய பறவை, ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளிலும் இருந்தது. இன்று நாடு முழுவதும் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 150. பெரும்பாலும் தார் பாலைவனத்தில். பதினைந்து கிலோ வரை எடை. பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், நேர் எதிரே பார்வை குறைவு. மின்கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதிச் செத்துவிடும். அந்தப் பாலைவனத்தில் 4,200 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 84,000 பறவைகள், எல்லா இனமும் சேர்த்து, மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முடிந்த இடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்னது. அது சாத்தியமில்லை, செலவு தாங்காது என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் பழைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. பறவையும் வேண்டும், சூரிய மின்சாரமும் வேண்டும் என்றது. நல்ல வார்த்தைதான். ஆனால் கம்பி இழுத்த பிறகு வந்த வார்த்தை. எங்கே பறவை இருக்கிறது என்று முதலிலேயே வரைபடம் போட்டிருந்தால் கம்பியை வேறு வழியாகக் கொண்டுபோயிருக்கலாம். செலவும் மிச்சம், வழக்கும் மிச்சம்.

அதே ஜெய்சல்மேர் பக்கத்தில் ஓரண் என்று ஒன்று உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட மேய்ச்சல் காடு. நம்மூர் அய்யனார் கோயில் காட்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மரம் வெட்டமாட்டார்கள்; மாடும் ஒட்டகமும் மேயும். ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்த அந்த இடங்களில் பல, வருவாய்ப் பதிவேட்டில் என்னவாக இருந்தன? தரிசு! மின் திட்டங்கள் அங்கே வந்தபோது கிராமத்தார் போராட வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், ஓரண்களை அடையாளம் கண்டு காடாக அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது.

"அரசு நிலம்தானே, அரசு எடுத்துக்கொண்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. கோயில் நகை தர்மகர்த்தாவின் பீரோவில் இருக்கிறது என்பதால் அது அவர் வீட்டு நகை ஆகிவிடுமா? புறம்போக்கு அரசின் பெயரில் இருக்கிறது, அனுபவம் ஊருடையது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலத்தைத் தனியாருக்குத் தாரை வார்க்கும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. காவிரி டெல்டாவில் நெல் வயலைக் காக்க 2020-ல் நாம் ஒரு சட்டம் கொண்டுவந்தோம். எண்ணெய்க் கிணறு கூடாது என்றோம். வயலுக்குக் குரல் கொடுக்க விவசாயி இருக்கிறார். கவுதாரிக்கும் கீதாரிக்கும் யார் இருக்கிறார்கள்?

நண்பரின் கேள்விக்கு என் பதில் ஒரு வரிசை. முதலில் கூரை. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைச் சோலார் என்றார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம் தெருக்களில் எத்தனை மொட்டை மாடிகள் வெறும் வடாம் காயப்போடும் இடமாக இருக்கின்றன! அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், கிடங்கு, பஸ் நிலையம் எல்லாவற்றுக்கும் கூரை உண்டு. அடுத்தது, ஏற்கெனவே பயன்படுத்திக் கெட்டுப்போன நிலம். நம் மாநகராட்சியே பஞ்சப்பூரில் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தை ஒட்டிச் சூரிய மின்நிலையம் வைத்திருக்கிறது. அதுதான் சரியான வழி. இதெல்லாம் போதாதபோது மட்டும் புறம்போக்குக்கு வரட்டும். வரும்போது ஒரு வருஷம், மழைக்காலமும் பனிக்காலமும் கோடையும் பார்த்து, என்ன வாழ்கிறது, யார் மேய்க்கிறார்கள் என்று எழுதிவிட்டு வரட்டும்.

கூரையில் போட்டால் யூனிட்டுக்குச் செலவு கூடும் என்பார் நண்பர். கூடும்தான். புறம்போக்கில் மலிவாக இருப்பதற்குக் காரணம், அங்கே போகிற மேய்ச்சலுக்கும் உயிர்களுக்கும் யாரும் பில் அனுப்புவதில்லை என்பதே.

நான் குமாஸ்தா. பதிவேட்டுக்குப் பதிவேட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவன். அப்படி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது ஊர் மக்களைக் கேட்டு, அங்குள்ள செடி, கொடி, விலங்கு, பறவைகளை எழுதிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். என் கோரிக்கை ஒன்றுதான்: அ-பதிவேட்டைப் பார்த்து நிலத்தைக் குறிக்கும் முன் இந்த இரண்டாவது பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அரசு ஆணை போடட்டும். அதில் அந்தப் புல எண்ணுக்கு எதுவும் எழுதவில்லை என்றால், எழுதி முடிக்கும் வரை கோப்பு நகரக்கூடாது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்குச் சொந்த ஊர் இன்னும் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போக முடிந்தால் போங்கள். ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெறும் தாள் இருந்தால், சிறுவயதில் நீங்கள் மாடு மேய்த்த, கவுதாரி முட்டை பார்த்த புறம்போக்கின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தில் என்ன இருந்தது, இன்னும் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நம் தலைமுறையோடு குறைந்துகொண்டே வருகிறார்கள்.