கூடமே கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். கைத்திறன் இல்லாதவர் கருவியைப் பழித்துத் தப்பிக்கப் பார்க்குங்கால், அவர்தம் வாயை அடைத்தற்கு இதனினும் சிறந்த மொழி பிறிதில்லை. ஆயினும், கூடம் உண்மையாகவே கோணலாய் இருத்தலும் உண்டு. அவ்விடத்து இப்பழமொழி பெருந்தீங்கு செய்துவிடுகின்றது. இதனைக் கித்தார் என்னும் இசைக்கருவியை முன்னிட்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். யாம் இசை வல்லுநர் அல்லேம். முதற் கித்தாரைப் பிழைபடத் தெரிந்தெடுத்து, அப்பிழையைப் பிறர் தலையிலும் ஏற்றியவர் என்னும் தகுதி ஒன்றே எமக்கு உண்டு.

யாம் கல்லூரியில் அடியெடுத்து வைத்த ஆண்டில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி இரவில் வீடுதோறும் சென்று பாடும் குழுவில் கித்தார் வாசிக்க வேண்டும் என்னும் ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது. ஆகஸ்டு மாதத்தில், கடைத்தெரு ஒன்றில், 3,500 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கினோம். கருநிறம், முகம் பார்க்கத்தக்க மெருகு, குடத்தின் ஒரு தோள் அழகுற வெட்டப்பட்டிருந்தது. உறையும், தோள்வாரும், தந்தியை மீட்டும் சில்லுகள் மூன்றும் இலவசமாய்க் கிடைத்தன. மீட்டிப் பார்த்து வாங்கினோமோவெனின், இல்லை. மீட்டத் தெரியாதவன் கடையில் மீட்டுவது நாணத்தக்கது என்று எண்ணினோம். அந்நாணமே விற்பவர்க்குக் காப்பாயிற்று.

அதன்பின் நான்கு மாதமும் விரல் நுனிகள் புண்ணாயின. புதிதாய்ப் பயில்வோர்க்கு விரல் நோதல் இயல்பே என்றும், சில வாரங்களில் தோல் தடித்து நோவு தணியும் என்றும் பலரும் கூறினர். எமக்குத் தோல் தடித்தது, நோவு தணியவில்லை. சுட்டுவிரலைக் குறுக்கே கிடத்தி ஆறு தந்தியையும் ஒருங்கே அமுக்கும் 'எஃப்' என்னும் சுரக்கூட்டு, எத்துணை வலிந்து அழுத்தினும், பலகையைத் தட்டினாற்போன்ற ஓசையே தந்தது. அறைத்தோழர் நகைத்து மேற்படிப் பழமொழியை ஓதினர். டிசம்பர் வந்தது, யாம் அக்குழுவில் விளக்கேந்திச் சென்றோம். இசை எமக்கு வாய்க்கவில்லை என்று முடிவு கட்டி, மறு ஆண்டு புதிதாய் வந்து சேர்ந்த தம்பி ஒருவருக்கு அதனை 2,000 ரூபாய்க்கு விற்றோம். ஒரு மாதங் கழித்து அவர் வந்து, "அண்ணா, எவ்வளவு அழுத்தியும் ஒலி வரவில்லை, கருவியில் குறை இருக்குமோ?" என்று வினவினார். யாம் கூறிய மறுமொழியை ஈண்டு எழுதக் கை கூசுகின்றது. அப்பழமொழியையே கூறினோம்.

இவ்வாண்டு ஜூலை மாதம், எம் ஊர்ப் பாடற்குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் பழைய கித்தாரை எம் மடியில் வைத்து, "வாசி, தம்பி" என்றார். மறுத்தும் விடவில்லை. பழக்கத்தால் விரல்கள் 'எஃப்' பிடித்தன. ஆறு தந்தியும் ஒலித்தன. ஓராண்டாய்க் கித்தாரைத் தொடாத கை அது! எம் வியப்பைக் கண்ட பெரியவர், சிறியதோர் இரும்பு அளவுகோலை எடுத்துப் பன்னிரண்டாம் மெட்டின்மேல் நிறுத்திக் காட்டினார். தடித்த தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. விடுதிக்கு மீண்டவுடன், அத்தம்பியின் கட்டிலடியில் தூசு படிந்து கிடந்த கருங்கித்தாரை இழுத்து அளந்தோம். 5 மில்லிமீட்டர் இருந்தது.

இரண்டரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டோ என்று கேட்பீர். தந்தி எத்துணை உயர்ந்து நிற்கின்றதோ, அத்துணை மிகுந்த வலிமையோடு அதனை அமுக்குதல் வேண்டும். அமுக்க அமுக்கத் தந்தி மேலும் இழுபட்டு அதன் சுருதியும் ஏறிவிடும். ஆதலின் உயர்ந்த தந்தியுடைய கருவி, கையை வருத்துவதோடு நில்லாது, வருந்தி எழுப்பிய ஒலியையும் பொய்யாக்குகின்றது. பயில்வோனோ தன் செவியையே ஐயுறத் தொடங்குகின்றான். இக்கேட்டிற்குப் பெரும்பாலும் காரணம் கழுத்தும் அது குடத்தோடு பொருந்தும் கோணமுமே ஆம். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடையின் வலிமையோடு கழுத்தை இடையறாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. முற்றாத மரமாயின் வில்போல் வளையும். குடத்தின் முகப்பலகையும் குதிரையடியில் புடைத்தெழும். அமெரிக்க நாட்டுக் கிப்சன் நிறுவனத்தார் 1920-களில் கழுத்தினுள் இரும்புக் கோல் ஒன்றைப் பொருத்தி, திருகினால் வளைவைத் திருத்தத்தக்கதாய் அமைத்தனர். இன்று நல்ல எஃகுத்தந்திக் கித்தார் ஒவ்வொன்றிலும் அத்தகைய கோல் உண்டு. மலிந்த கருவிகள் சிலவற்றிலோ அது பெயரளவில் இருக்கும், சிலவற்றில் இராது. கருமெருகு இதனைக் காட்டுமோ?

கருவியை ஆராய்தல் கையாலாகாதவர் செயல் என்று கருதுவோர் நம் இலக்கியங்களைத் திருப்பிப் பார்ப்பாராக. கானல்வரியில் மாதவியின் கையில் வரும் யாழ், நரம்பு, கோடு, பத்தர், ஆணி என்னும் நான்கிடத்தும் குற்றம் நீங்கியது என்று இளங்கோவடிகள் எண்ணிக் காட்டுகின்றார். கோவலன் கைக்கு அது சேருமுன் அவள் அதனைப் பண்ணிச் சுருதி தேர்ந்து தருகின்றாள். சிந்தாமணியிலோ, காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகன் தன்முன் கொணர்ந்த யாழ்களை, இது நீரில் நின்று நெகிழ்ந்த மரம், இது இடியுண்ட மரம் என்று ஒவ்வொன்றாய் ஒதுக்குகின்றான். ஆடத் தெரியாதவன் என்று அவனை எவரும் நகைத்திலர். வல்லவன் ஆராய்ந்தால் நுண்ணறிவு, கற்போன் ஆராய்ந்தால் சாக்கு என்பது எவ்வூர் வழக்கு? உண்மையில் கற்போனுக்கே ஆராய்ச்சி மிகவும் வேண்டுவது. வல்லவன் குறையுடைய கருவியையும் ஒருவாறு அடக்கி ஆள்வான்.

இனி, கடைக்குச் செல்வோர் செய்யத்தக்கது யாது? முதலில் கழுத்தைக் கண்ணுக்கு நேராக நீட்டி, அம்பின் நேர்மையைப் பார்ப்பதுபோல் நோக்குக. முறுக்கிக்கொண்டிருப்பின் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுக, அதற்கு மருந்தில்லை. பிறகு அளவுகோல். எஃகுத் தந்தியாயின் பன்னிரண்டாம் மெட்டில் தடித்த தந்திக்கு 3 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. நைலான் தந்தியாயின் 4 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். அத்தந்திகள் தளர்ந்து நிற்பன ஆதலின். அடுத்து, பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிடம் ஆகலின், அங்கே அமுக்கி எழுப்பும் சுரமும், அவ்விடத்தே விரலால் மெல்லத் தொட்டெழுப்பும் மணியோசையும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின் அக்கருவி மேலே செல்லச் செல்லப் பொய் சொல்லும். ஒவ்வொரு தந்தியையும் மெட்டு மெட்டாய் அமுக்கி எங்கேனும் இரைகின்றதா என்று கேட்க. இவற்றுக்கெல்லாம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. நாணம் விட்டிருந்தாற் போதும். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் இன்னும் நன்று.

நைலானா எஃகா என்னும் வழக்கும் எழுகின்றது. இன்று நாம் காணும் நைலான் தந்திக் கித்தாரின் வடிவம், ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892) என்னும் கம்மியரால் நிலைபெற்றது. அதற்கு முற்காலத்தில் விலங்கின் குடலால் ஆகிய நரம்புகளே கட்டினர். நைலான் 1940-களில் வந்தது. அது விரலுக்கு மெத்தென்றிருக்கும். ஆயின் கழுத்து அகன்றது, சிறிய கையினர்க்கு எட்டுதல் அரிது. பாடலுக்குத் துணையாய் மீட்ட விரும்புவோர்க்கு எஃகே ஏற்றது என்பது எம் கருத்து. ஒன்றுமட்டும் நினைவிற் கொள்க. ஒலி மிகும் என்று கருதி நைலானுக்கென அமைந்த கித்தாரில் எஃகுத் தந்தி பூட்டுவாரும் உளர். இழுவலிமை ஏறத்தாழ இருமடங்காகிக் குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

மின்கித்தாரை முதற்கண் தொடலாகாது, எஃகில் வருந்தித் தேர்ந்த பின்னரே அதற்குரிமை உண்டு என்று சிலர் நெறி வகுக்கின்றனர். இது துன்பமே கல்வி என்று மயங்கியவர் கூற்று. மின்கித்தாரின் தந்திகள் மெல்லியன, கழுத்தும் ஒடுங்கியது, விரலுக்கு அதுவே எளிது. விரும்பிய இசை அதுவாயின் அதையே வாங்குக. ஆனால் ஒலிபெருக்கிக்கும் பணம் வேண்டும் என்பதை மறவற்க.

துணைப்பொருள்களைப் பற்றி விரித்தெழுத விருப்பமில்லை. ஓசையை இடிபோலவும் எதிரொலி போலவும் மாற்றும் மிதிபெட்டிகள் நான்கைந்து வாங்கி வரிசையாய் வைத்துக்கொண்டு, மூன்று சுரக்கூட்டு அறியாதாரை யாம் கண்டிருக்கின்றோம். சுருதி பார்க்கும் சிறுகருவி ஒன்று, மாற்றுத் தந்தி ஒரு தொகுதி, நல்ல உறை, இவை போதும். மிஞ்சும் பணத்தைக் கித்தார் பழுதுபார்க்கும் கம்மியரிடம் கொடுக்க. குதிரையின் மேலுள்ள எலும்பைத் தேய்த்து, கழுத்துக் கோலைத் திருகி, தலைப்பக்கத்துப் பள்ளங்களை அராவி அவர் அரைநாளில் செய்யும் பணி, நடுத்தரமான கருவியையும் நல்ல கருவியாக்கிவிடும். கையிலுள்ள பணம் பத்துப் பங்காயின், எட்டுப் பங்கைக் கருவிக்கும் இரண்டு பங்கைக் கம்மியர்க்கும் என்று முன்னரே பிரித்துவைத்தல் தக்கது. ஒருவர் கைப்பட்டு நன்கு பேணப்பெற்ற பழைய கித்தார், கடையில் மின்னும் புதியதினும் பெரும்பாலும் மேலானது. வளைய வேண்டிய மரம் அதற்குள் வளைந்து தன் குணத்தைக் காட்டிவிட்டிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பேர்பெற்ற வாசிப்போர் பலர் உடைந்த பெட்டியிலும் பயின்று உயர்ந்தனரே என்பர். உயர்ந்தனர், ஆகவே அவர் கதையை நாம் கேட்கின்றோம். அத்தகைய பெட்டியில் பயின்று, விரல் நொந்து, தமக்கு இசை வாய்க்கவில்லை என்று எழுந்து போனவர்தம் கதையை எவர் எழுதி வைத்தார்? மேலும், ஆந்திரேஸ் செகோவியா என்னும் பெருங்கலைஞர் 1912-இல், ஏறத்தாழ எம் வயதினராய் இருந்தபோது, மாட்ரிட் நகரத்து மனுவேல் ராமிரெஸ் என்னும் கம்மியரின் கடைக்குக் கச்சேரிக்குத் தக்க கித்தார் தேடியே சென்றார். கைப்பொருள் இல்லாத அவர் இருந்ததைக் கொண்டு அமைந்திருக்கலாம், அமையவில்லை. அவர் வாசிப்பைக் கேட்ட ராமிரெஸ் சிறந்ததொரு கருவியை விலையின்றியே அளித்தார். செகோவியா அதனைப் பல்லாண்டு வாசித்தார்.

எம் கருங்கித்தாரைக் கம்மியரிடம் கொண்டு சென்றோம். கழுத்தினுள் கோல் இல்லை, எலும்பைத் தேய்க்கவும் இனி இடமில்லை என்றார். ஆதலின் அத்தம்பிக்கு 2,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்து, அதனை மீண்டும் எம்மதாக்கிக்கொண்டோம். அவர் முதலில் பணத்தை வாங்க மறுத்து, "எனக்குத்தான் விரல் வாய்க்கவில்லை, அண்ணா" என்றார். அளவுகோலை வைத்துக் காட்டிய பின்னரே நம்பினார். தந்தி கழற்றிய அக்கருவி எம் அறைச் சுவரில் தொங்குகின்றது. வருகின்ற சனிக்கிழமை அவரோடு ஒரு பழைய கித்தாரைப் பார்க்கச் செல்ல இருக்கின்றோம். பெரியவரும் வர இசைந்துள்ளார்.